கம்பம் எண் பதினேழு

தீர்ப்பில் என் பெயர் ஒரே இடத்தில்தான் வருகிறது.
மற்ற இடமெல்லாம் அரசுத் தரப்பு ஒன்பதாம் சாட்சி.
மேலூர் துணைக்கோட்டத்துப் பதிவேட்டைக்
கையில் கொடுத்து
கூண்டில் ஏற்றினார்கள்.

சம்பவ இரவில் புகார் ஏதும் பதிவாகியிருக்கிறதா?
இல்லை.
மின்தடை?
இல்லை.
குறுக்கு விசாரணை வேண்டாம் என்றார்
இலவசத்துக்கு வந்த வக்கீல்.
இறங்கினேன்.
வாசலில் ஒரு வடை தின்றுவிட்டு
மாட்டுத்தாவணியில் பஸ் பிடித்தேன்.

நான் சொன்னது இரண்டு ‘இல்லை’.
நாற்பத்தோராம் பக்கத்துக்குப் போனபோது அது
‘தெருவிளக்கு நன்கு எரிந்துகொண்டிருந்தது’
ஆகியிருந்தது.
அந்த வெளிச்சத்தில்தான்
அறுபதடி தள்ளி, வாசற்படியில் நின்று
ஆண்டிச்சாமி
சோணைமுத்துவைப் பார்த்திருக்கிறார்.
அந்த வெளிச்சத்தில்தான்
ஆயுள்.

அந்தத் தெருக்காரர்கள் புகார் கொடுக்க மாட்டார்கள், ஐயா.
கொடுத்துக் கொடுத்து ஓய்ந்தவர்கள்.
கம்பம் பதினேழில் பல்பு போய்
ஆடி முடிந்து ஆவணியும் பாதி ஆகியிருந்தது.
பஞ்சாயத்து வாங்கித் தரவேண்டும், நான் மாட்டவேண்டும்.
அவர்கள் வாங்கவில்லை.
நான் கேட்கவும் இல்லை.
கேட்டிருந்தால் பதிவேட்டில் ஒரு வரி இருந்திருக்கும்.
என் கையெழுத்தில்.

அருவாளைப் பற்றி எனக்குத் தெரியாது.
வாய்க்கால் ஓரத்துக் கருவைப் புதரில் எடுத்ததாம்.
ஒட்டியிருந்தது மனித ரத்தம்தானாம்,
வகை சொல்லும் அளவுக்கு இல்லையாம்.
முறைத்தண்ணீருக்கு இரண்டு பேரும்
சட்டையைப் பிடித்துக்கொண்டது நிஜம்.
அந்த வருஷம் கடைமடையில்
யார் சட்டை கிழியாமல் இருந்தது?

மாயக்காள் ஆபீசுக்கே வந்துவிட்டாள்.
நகைக்கடைப் பையில் தீர்ப்பு நகல்.
படிக்கத் தெரியாது.
யாரோ பென்சிலில் வட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள்
என் வரிக்கு.
“என்னண்ணே சொன்னீங்க?”
“கேட்டதுக்குச் சொன்னேன்மா.”
“கேக்காததை?”
பில் கட்ட நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.
நான் பிளக்ஸ் பேனரைப் பார்த்தேன்.
மின்சாரம் சிக்கனம், தேவை இக்கணம்.

போன மாசம் அந்தக் கம்பத்தில் எல்இடி வந்துவிட்டது.
மாட்டியது நான்தான்.
அன்றிரவே டேப் பிடித்து அளந்து
ஆண்டிச்சாமி வாசற்படியில் போய் நின்றேன்.
ஹெல்ப்பர் முனீசை விளக்கடியில் நிற்கச் சொன்னேன்.
தலைக்கு மேல் வெளிச்சம்,
நெற்றிக்குக் கீழே நிழல்.
முகம் என்று ஒன்று இருந்தது.
யாருடையது என்று இல்லை.
ஆறு வருஷமாக என்னோடு ஏணி தூக்குகிறவன்.
எட்டு வயதிலிருந்து தெரிந்த மாதிரி
அவனை அடையாளம் காட்ட
அந்த இருட்டில் என்னால் முடிந்திருக்காது.
ஆண்டிச்சாமி பொய் சொன்னார் என்று சொல்லமாட்டேன்.
யார் செய்திருப்பார்கள் என்று
ஊரே முடிவுகட்டிய பிறகு
கண்ணும் ஊரோடுதானே போகும்.

மேலூரிலிருந்து வரும்போது யானைமலை யானைதான்.
துதிக்கை, நெற்றி, படுத்த முதுகு,
குழந்தைகூடச் சொல்லும்.
ஒத்தக்கடையில் இறங்கி
அடிவாரத்தில் நின்று அண்ணாந்தால்
பாறை.
வெறும் பாறை,
நாலு வெள்ளாடு.

மேல்முறையீட்டு வக்கீலுக்குச் சின்ன அறை,
ஐகோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில்.
அவன் செய்யவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா, கேட்டார்.
தெரியாது.
செய்திருப்பானோ என்றுகூடச் சில ராத்திரி தோன்றும்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பல்பு, சார்.
அது எரியவில்லை.
எழுதிக்கொள்ளுங்கள், வேலை போனாலும் பரவாயில்லை.

பேனாவைத் திறந்தார்.
மூடாமல் அப்படியே வைத்துக்கொண்டு,
“பதிவேட்டில் இருக்கிறதா?” என்றார்.

இல்லை.